தம்பி உண்மையைத்தான் சொல்லுறானோ? சம்பளம் 78,000 டொலர், ஆனா வீடு வாங்க ஏலாதாம்

கோண்டாவில்_ரீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முந்தி ஒருக்கா இடமாற்றம் பற்றி இஞ்ச கேட்டனான், கன பேர் உதவினீங்கள். இது வீட்டுப் பிரச்சினை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் கணிதம் படிப்பிக்கிறன், 16 வருசச் சேவை. கழிவெல்லாம் போகக் கையில 75,000 ரூபாவுக்குக் கிட்ட வரும். தம்பி அமெரிக்காவில, நியூ ஜேர்சியில. ஆஸ்பத்திரி ஒண்டின்ர லாப்பில வேலை. போய் 12 வருசம். சம்பளம் என்னெண்டு அவன் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. மச்சாள்தான் போன மாசம் கதையோட கதையா அம்மாவுக்குச் சொல்லிப்போட்டா, வருசம் 78,000 எண்டு. அம்மா போனை வச்ச கையோட என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, 78,000ஐ 300ஆல பெருக்கு" எண்டா. பெருக்கினன். 2 கோடியே 34 லட்சம். அம்மா கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு குசினிக்குள்ள போய் அடுப்பில கிடந்த ஒடியல் கூழைச் சும்மா கிண்டிக்கொண்டு நிண்டவா.

இப்ப விசயம் என்னெண்டால், எங்கட வளவு 6 பரப்பு (பரப்பு எண்டது யாழ்ப்பாணத்துக் காணி அளவு), அப்பாவும் பெரியப்பாவும் பிரிக்காமலே வச்சிருந்தவை. தெற்குப் பக்கம் எங்கட வீடு. வடக்குப் பக்கம் 3 பரப்பு பெரியப்பாட பங்கு, நடுவில பொதுக் கிணறு. ரெண்டு பேரும் இப்ப இல்லை. பெரியப்பாட மகன் கனடாவில இருந்துகொண்டு தங்கட பங்கை விக்கப் போறாராம். பரப்பு 35 லட்சமாம். எல்லாமா ஒரு கோடியே 5 லட்சம். அம்மாவுக்கு ஒரே யோசினை, வேற ஆக்கள் வந்தால் கிணத்தடியில ஆரோடயோ மல்லுக்கட்ட வேணும் எண்டு. தம்பி 50 லட்சம் போட்டால் மிச்சத்தை என்ர கடன், நகை எண்டு பார்க்கலாம் எண்டது அவட திட்டம்.

தம்பியிட்டக் கேட்டம். "காசில்லை அம்மா, நாங்களே வாடகைக்குத்தான் இருக்கிறம், எங்களுக்கே ஒரு வீடு வாங்க ஏலாமக் கிடக்கு" எண்டான். சரியெண்டு விட்டிட்டம். போன ஞாயிறு அவன்ர மகள், 7 வயசு, வீடியோவில அப்பம்மாவோட கதைக்கேக்க, "அப்பா வீட்டுக்காசு 41,000 டொலர் சேர்த்து வச்சிருக்கிறார்" எண்டு சொல்லிச்சுது பாருங்கோ. அம்மா அண்டைக்கு இரவு சாப்பிடேல்லை. "ஒரு கோடிக்கு மேல வச்சுக்கொண்டு பெத்த தாயிட்ட இல்லையெண்டுறான்."

நான் கேக்கிறது இதுதான். 12 வருசம், ரெண்டு பேரும் வேலை, 78,000 டொலர் சம்பளம், கடன் குடுக்க வங்கியும் இருக்கு. ஏன் ஒரு வீடு வாங்க ஏலாது? இது சாட்டோ, மெய்யோ? அங்க இருக்கிறவை ஆராவது சொல்லுங்கோ. ஆறுதல் வேண்டாம். கணக்கு வேணும்.

புளியமரத்தடி எழுதியது:

சாட்டுத்தான் ரீச்சர், சந்தேகமே வேண்டாம். எங்கட சித்தப்பா 1989இல வெளிநாடு போனவர், கோப்பை கழுவி 6 வருசத்தில வீடு வாங்கினவர். படிச்ச பொடியனுக்கு 12 வருசம் காணாதாமோ? அங்க போனால் எல்லாருக்கும் பெரிய கார், வருசத்துக்கு ஒரு புதுப் போன். தாய்க்கு எண்டால் மட்டும் கை இறுகிப்போகும்.

எடிசன்_வாசி எழுதியது:

ரீச்சர், உங்கட தம்பி ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஆனா நானும் அதே மாநிலம், கிட்டத்தட்ட அதே சம்பளம். ஊர் இணுவில். சரக்கு ஏத்தி இறக்கிற கொம்பனி ஒண்டில கணக்குப் பகுதி. நீங்கள் கணக்குக் கேட்டபடியால் என்ர வீட்டுக் கணக்கைத் தாறன். அவரின்ர கணக்கும் பெரும்பாலும் இதுதான்.

முதல் பிழை 300ஆல பெருக்கினது. அவர் டொலரில உழைச்சு டொலரிலதான் அரிசி வாங்குறார். ஊருக்கு அனுப்புற காசை மட்டும்தான் 300ஆல பெருக்கலாம்.

78,000ஐ 12ஆல பிரியுங்கோ. மாசம் 6,500. அதில 7.65 வீதம், 500 டொலருக்குக் கிட்ட, முதியோர் காப்புக்கும் மெடிக்கேயருக்கும் (வயசானவைக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதி) எண்டு சம்பளத்தில நேராவே வெட்டுவினம். பிறகு மத்திய அரசு வரி, மாநில வரி. குடும்பத்துக்கு மருத்துவக் காப்புறுதியில என்ர பங்கு 550. இஞ்ச எங்களைப் போல ஆக்களுக்கு வேலையிடத்துப் பென்சன் எண்டு ஒண்டில்லை, அந்த முதியோர் காப்பு மட்டும் காணாது. வயசு போனால் சாப்பிடுறதுக்கு நாங்களே மாசாமாசம் ஒதுக்க வேணும். கடைசியாக் கையில 4,800 சுற்றி.

ரெண்டு அறை வீட்டு வாடகை 2,350. மனிசி மருந்துக்கடை ஒண்டில அரைநாள் வேலை. அவட சம்பளம் சின்னவனைப் பகல்ல வச்சுப் பார்க்கிற இடத்துக்கு அப்பிடியே போகுது, மாசம் 1,500. "அப்ப ஏன் வேலைக்குப் போறாய்?" எண்டு என்ர அம்மாவும் கேட்டவா. விட்டால் திரும்பிக் கிடையாது, அதுதான். கார், பெற்றோல், கார்க் காப்புறுதி எல்லாமா 750. கார் இல்லாமல் இஞ்ச ஒரு பால் போத்திலும் வாங்க ஏலாது, இது ஆடம்பரமில்லை. சாப்பாடு 800. கரன்ற், போன், உடுப்பு, பல்லு வைத்தியர் 500. மிஞ்சிறது 400. பிள்ளைக்குக் கை முறியாமல், கார் பழுதாகாமல் ஒரு வருசம் போனால் 4,800. 41,000 சேர்க்க எத்தினை வருசம் எண்டு பிரிச்சுப் பாருங்கோ.

இனி வீடு. 2024இல அமெரிக்கா முழுக்க வித்த பழைய வீடுகளின்ர நடு விலை (பாதி வீடு அதுக்கு மேல, பாதி கீழ) 4,07,500 டொலர். எங்கட பக்கம் அதுக்கும் மேல. சும்மா 4,00,000 எண்டு வைப்பம். வழக்கமா 20 வீதம் கையில இருந்து போட வேணும், 80,000. மிச்சம் 3,20,000 கடன், 30 வருசம், 7 வீத வட்டி எண்டு வைப்பம், 2024இல அதுக்குக் கிட்டத்தான் இருந்தது. மாசம் 2,129 வரும். வீட்டு வரி நியூ ஜேர்சியிலதான் நாட்டிலயே கூட, 2024இல சராசரியா வருசம் 10,000க்குக் கிட்ட. மாசம் 830. வீட்டுக் காப்புறுதி 150. கூட்டினால் 3,100க்கு மேல. கையில வாறது 4,800. சம்பளத்தில 30 வீதத்துக்கு மேல வீட்டுக்குப் போனால் அது சுமை எண்டு அமெரிக்க அரசாங்கத்தின்ர வீடமைப்புத் திணைக்களமே அளவுகோல் வச்சிருக்கு. 6,500இல 30 வீதம் 1,950.

ஊரில நகரசபைக்குச் சோலை வரி (வீட்டு வரி) கட்டுற மாதிரி நினைக்காதேங்கோ. கடன் முடிஞ்ச பிறகும் இந்த வரி சாகும்மட்டும்.

என்னைக் கேட்டால் நான் செய்த பெரிய பிழை 2020இல வாங்காமல் விட்டது. 2021 ஜனவரியில சராசரி வட்டி 2.65 வீதம் வரைக்கும் இறங்கினது. அதே 3,20,000 கடனுக்கு 3 வீதமெண்டால் மாசம் 1,349தான் வரும். அதே வீடு, அதே கதவு, மாசம் 780 வித்தியாசம். "கொஞ்சம் பொறுப்பம், விலை இறங்கும்" எண்டன். 2023 ஒக்ரோபரில வட்டி 7.79. விலையும் இறங்கேல்லை.

ஏன் இறங்கேல்லை? 3 வீதத்தில கடன் எடுத்து வச்சிருக்கிறவன் தன்ர வீட்டை வித்திட்டு 7 வீதத்தில வேற வீடு வாங்குவானோ? அசையமாட்டான். விக்க வாற வீடே குறைவு. அதோட 2005இல நாடு முழுக்க 20 லட்சம் வீட்டுக்கு மேல கட்டத் துவங்கினவை, 2008 நெருக்கடிக்குப் பிறகு, 2009இல, 5 லட்சத்து ஐம்பதினாயிரம்தான். அந்த இடைவெளி இன்னும் நிரம்பேல்லை. அதுக்கு மேல, கன ஊர்களில பெரும்பாலான குடியிருப்புக் காணியில ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான் கட்டலாம், மாடி வச்சு நாலு குடும்பம் இருக்கக் கட்ட விடமாட்டினம். மினியாபொலிஸ் நகரம், ஒரிகன் மாநிலம் போல சில இடங்களில கிட்டடியிலதான் அதை மாத்தத் துவங்கினவை.

அமெரிக்கக் குடும்பங்களின்ர நடு வருமானம் 2019இல 68,700, 2024இல 83,700. 22 வீதம் கூடியிருக்கு. அதே காலத்தில வீட்டு விலை 50 வீதம். புளியமரத்தடிக்குப் பதில் இதுதான்: உங்கட சித்தப்பா கோப்பை கழுவினதும் உண்மை, வாங்கினதும் உண்மை. அண்டைய விலையும் இண்டைய விலையும்தான் ஒண்டில்லை.

நாங்கள் 9 வீட்டுக்கு விலை எழுதிக் குடுத்தனாங்கள். ஒண்டு ஞாபகம் இருக்கு. மழை நாள். வாசலில நீலப் பொலித்தீன் உறை ஒரு பெட்டி நிறைய, சப்பாத்துக்கு மேல போட்டுக்கொண்டுதான் உள்ள போகலாம். எங்களுக்கு முன்னால முப்பது பேர் வரிசையில. மனிசி குசினி அலுமாரிக் கதவைத் திறந்து பார்த்திட்டு, "மிளகாய்த்தூள்ப் போத்தில் இஞ்ச வைக்கலாம்" எண்டா. கேட்ட விலையிலும் 15,000 கூட எழுதினம். ரெண்டு நாளில ஆரோ முழுக் காசும் கையில வச்சுக்கொண்டு, வீட்டைச் சோதிச்சுப் பார்க்கவும் தேவையில்லை எண்டு எழுதிக் குடுத்து வாங்கிப்போட்டினம்.

உங்கட தம்பி பொய் சொல்லேல்லை ரீச்சர்.

கோண்டாவில்_ரீச்சர் எழுதியது:

நன்றி தம்பி. (வயசு தெரியாது, தம்பி எண்டே சொல்லுறன்.) பிரிச்சுப் பார்த்தன், எட்டரை வருசம்.

எண்டாலும் ஒண்டு கேக்கிறன், கோபிக்காதேங்கோ. 80,000 தேவை, கையில 41,000தான் எண்டால் எப்பிடியும் இப்ப வாங்க ஏலாது தானே? 50 லட்சம் எண்டால் 16,700 டொலர். அதைத் தந்தாலும் 24,300 மிஞ்சுது. வாங்க ஏலாத வீட்டுக்காகக் காசைச் சும்மா வச்சிருக்கிறதை விட இஞ்ச காணியில போட்டால் அதுவும் அவனுக்குச் சொத்துத்தானே?

எடிசன்_வாசி எழுதியது:

அக்கா, 20 வீதத்துக்குக் குறையப் போட்டும் வாங்கலாம். ஆனா அப்ப கடனுக்கு ஒரு காப்புறுதி எண்டு மாசாமாசம் வேறயாக் கட்ட வேணும், அது எங்களைக் காப்பாத்துற காப்புறுதி இல்லை, கடன் குடுத்தவனைக் காப்பாத்துறது. 41,000 எண்டால் 10 வீதம் போட்டு, மேல்செலவுக்கு ஓடித்திரிஞ்சு எங்கயாவது கொஞ்சம் ஒதுக்குப்புறமா ஒண்டைப் பிடிக்கலாம் எண்டுதான் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். 16,700 போனால் அவருக்கு மூண்டரை வருசம் போச்சு. வாடகை வருசத்துக்கு வருசம் ஏறும், வீட்டு விலை இவருக்காக நிக்காது.

"காசில்லை" எண்டது பிழைதான். "இருக்கு, ஆனா எடுக்க ஏலாது" எண்டு சொல்லியிருக்கலாம். ஆனா ஊரில ஆருக்கு அப்பிடிச் சொல்லலாம்? நானும் அம்மாவுக்கு இல்லையெண்டுதான் சொல்லுறனான்.

மட்டப்பலகை எழுதியது:

நான் மேசன். 24 வருசத் தொழில். எல்லாரும் அமெரிக்காக் கணக்குப் பார்த்தியள், உங்கட கணக்கை ஒருத்தரும் பார்க்கேல்லை ரீச்சர்.

இண்டைக்கு ஆயிரம் சதுர அடியில ஒரு சாதாரண வீடு, கிணறு மதில் சேர்க்காமல், நான் கூறுவிலை குடுக்கிறதெண்டால் ஒரு கோடி. 2 பரப்புக் காணி உங்கட விலையில 70 லட்சம். ஒரு கோடியே 70 லட்சம். உங்கட சம்பளம் வருசம் 9 லட்சம். ஒரு பச்சைத்தண்ணியும் குடிக்காமல் முழுச் சம்பளத்தையும் போட்டால் 19 வருசம். எடிசன் தம்பியின்ர கணக்கில அமெரிக்காக் குடும்பத்துக்கு 5 வருசச் சம்பளம். அப்ப ஆர் ஏழை?

ஆனா நீங்கள் வீட்டில இருக்கிறீங்கள், அவர் வாடகைக்கு இருக்கிறார். ஏனெண்டால் நீங்கள் வீடு வாங்கேல்லை. கொப்பா கட்டின வீடு. இஞ்ச மாசச் சம்பளக்காரர் ஆரும் வீடு வாங்கிறேல்லை, முதுசமாயோ சீதனமாயோ காணி வந்தால் அதில கொஞ்சம் கொஞ்சமாக் கட்டினம். நிலையம் எடுத்து (வீட்டுக்கு இடம் குறிச்சு) அத்திவாரம் போட்டு ஒரு நிப்பாட்டு. சீட்டு விழுந்தால் சுவர். மகன் காசனுப்பினால் கூரை. பூச்சு எப்பவும் மகளின்ர கலியாணத்துக்கு முதல் மாசம்தான். ராத்திரி லைற் பிடிச்சுப் பூசின வீடெல்லாம் இருக்கு.

உங்கட ஊர்ப்பக்கமே 2017இல ஒரு மனிசிக்கு அத்திவாரம் போட்டுத் தூண் எழுப்பினன். அதோட காசு முடிஞ்சுது. பிறகு கொரோனா. பிறகு 2022, ஆயிரம் ரூபாச் சீமெந்துப் பை 3,000த்தைத் தாண்டினது. கம்பி மழையில கறள் பிடிக்கக்கூடாதெண்டு அந்த மனிசி பால்மாப் பைகளைச் சேர்த்து ஒவ்வொரு கம்பி நுனிக்கும் கவிட்டு நூலாலை கட்டி வச்சிருந்தவ. அஞ்சு வருசத்துக்கு மேல. பை கிழிய மாத்துவ. போன வருசம்தான் கூரை ஏறினது, பைகளை நான்தான் கழட்டினனான். கம்பி புதுசு மாதிரி. சுவர் இன்னும் பூசேல்லை, குடிபூந்திட்டினம்.

அமெரிக்காவில இப்பிடி இருக்க விடுவினமோ?

எடிசன்_வாசி எழுதியது:

விடமாட்டினம் அண்ணை. நகரசபை வந்து பார்த்துக் குடியிருக்கலாம் எண்டு சான்றிதழ் தரவேணும். கரன்ற், தண்ணி, சூடு எல்லாம் முடிஞ்ச வீட்டை ஒரே மூச்சில வாங்க வேணும். அதுக்குத்தான் 30 வருசக் கடன். பால்மாப் பை கட்டுற வழி இஞ்ச இல்லை.

கச்சேரியடி எழுதியது:

காணி உறுதி (உரிமைப் பத்திரம்) எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். இரண்டு விசயம்.

ஒன்று, ரீச்சர், வளவு பிரிபடாத பங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) பங்குக்காரருக்கு முதல் உரிமை உண்டு. அதற்கென்று 1947ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. உங்களுக்கு அறிவிக்காமல் வெளியாருக்கு விற்றால் நீங்கள் நீதிமன்றம் போகலாம். அப்பாவின் பங்கு அவருக்கு முதுசமாக (பரம்பரையாக) வந்ததா, தேடிய தேட்டமா (மணமான பின் தேடியது) என்பதை உறுதியைப் பார்த்துத்தான் சொல்லலாம். எதுவென்றாலும் அந்த உரிமையில் உங்கள் தம்பிக்கும் பங்கிருக்கும், அவர் ஒப்பமும் தேவைப்படலாம். ஆகவே அவரோடு கோபித்துக்கொள்ளாதீர்கள்! முத்திரைச் செலவையும் மறக்க வேண்டாம். முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒரு கோடியே 5 லட்சத்துக்கு 4,19,000 ரூபா, நொத்தாரிசு கூலி வேறு.

இரண்டாவது, அந்த 35 லட்சம். அது உங்கள் சம்பளத்தைப் பார்த்துக் கேட்ட விலை இல்லை. வெளிநாட்டில் இருந்து ஒருவர் வந்து பேரம் பேசாமல் வாங்குவார் என்று பார்த்துக் கேட்ட விலை. எங்கள் மேசைக்கு வருகிற உறுதிகளில் வாங்குபவர் பெயருக்குக் கீழே எத்தனை வெளிநாட்டு முகவரி என்று எனக்குத் தெரியும். நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாள் திறந்துவிட்டு மற்ற 11 மாதமும் பூட்டுப் போட்ட வீடுகள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எத்தனை? காணி விலையை ஏற்றுகிறது அந்தக் காசு. அனுப்புகிறவர்களோ அங்கே வாடகை வீட்டில். நான் 11 வருசமாக மற்றவர்களின் காணி உறுதியை எழுதுகிறேன். என் பெயரில் அரைப் பரப்பும் இல்லை.

புளியமரத்தடி எழுதியது:

சரி சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிறன். எண்டாலும் போன் விசயம் மெய்தான்.

கோண்டாவில்_ரீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூண்டு நாள் இந்தப் பக்கம் வரேல்லை, தவணைச் சோதனைத் தாள் திருத்தினது.

நேற்றுப் பின்னேரம் திருத்தின தாள் ஒண்டின்ர பின்பக்கத்தில எடிசன் தம்பியின்ர கணக்கை எழுதி அம்மாவுக்குக் காட்டினன். 6,500இல துவங்கி ஒவ்வொண்டாக் கழிச்சுக்கொண்டு வந்தன். 400 எண்டு எழுதினதும் அம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுத் திரும்பவும் மேல இருந்து வாசிச்சவா. பிள்ளை பார்க்கிறதுக்கு 1,500 எண்ட இடத்தில விரலை வச்சு, "நான் அங்க நிண்டிருந்தால் இது மிச்சம்" எண்டா. பிறகு, "30 வருசக் கடனெண்டால்?" எண்டா. தம்பிக்கு இப்ப 39. இண்டைக்கு வாங்கினாலும் முடியேக்க 69. "அப்ப என்ர வயசில அவனுக்கு வீடு" எண்டா. அம்மாவுக்கு 69தான்.

இரவு தம்பிக்கு எடுத்தன். அவன் பிள்ளை 41,000 சொன்னதை மச்சாள் மூலம் அறிஞ்சு, அம்மா கோவமோ எண்டு பயந்து இவ்வளவு நாளும் எடுக்காமல் இருந்திருக்கிறான். அம்மா காணியைப் பற்றிக் கதைக்கவே இல்லை. பல்லுக்கொதி சுகமோ எண்டு கேட்டவா, போனை என்னட்டத் தந்திட்டா. நான்தான் பங்கு, ஒப்பம் விசயத்தைச் சொன்னனான். ஒப்பம் எப்பவும் வைப்பானாம். 2,000 டொலர் அனுப்புறன் எண்டும் சொன்னான், நான் வேண்டாமெண்டன். 300ஆல பெருக்கிப் பார்க்காமலே வேண்டாமெண்டன் எண்டு சொன்னால் பொய். பெருக்கினனான்.

பெரியப்பாட மகனுக்கு வாட்ஸ்அப்பில எழுதியிருக்கிறன்: முழு 3 பரப்பும் எங்களால ஏலாது, கிணத்தோட சேர்ந்த 1 பரப்பை மட்டும் 28 லட்சத்துக்குத் தரலாமோ எண்டு. சீட்டும் நகையும் போட்டால் அதுவே மூச்சுமுட்டும். விடிய 4 மணிக்கு ரெண்டு நீலச் சரியும் விழுந்திருக்கு. மறுமொழி இன்னும் இல்லை.

கச்சேரியடி, அப்பாட உறுதி பழைய பெட்டிக்குள்ள கிடந்தது, ஒரு கரையைக் கறையான் அரிச்சிட்டுது, இலக்கம் மட்டும் வாசிக்கலாம். இலக்கத்தை வச்சுக்கொண்டு காணிப் பதிவகத்தில பிரதி எடுக்கலாமோ? நானே போகலாமோ, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகவேணுமோ?